கட்டைவிரல் தொடும் இடம்: மின்கிட்டாரில் செயற்கை ஹார்மானிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், ஐந்தாம் மாடியில் இருக்கும் என் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள். தேவாலயத்தில் வாசிப்பவர்கள், கோயில் திருவிழா மேடைக்குத் தயாராகிறவர்கள், பெகுவிலிருந்து ரயிலில் வந்து போகும் அண்ணன் தம்பி இருவர். பர்மிய ராக் குழுவான ஐயன் கிராஸின் கிட்டார் கலைஞர் சிட் சான் மாங் வாசிப்பு ஒலித்துக்கொண்டே இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் என்பதால், நாலு கார்டு பழகும் முன்பே மின்கிட்டாரில் எழும் அந்தக் கீச்சொலியை, அதாவது செயற்கை ஹார்மானிக்கைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாருக்கு உரியவை. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் வகைகள் அந்த நீளம்தான். லெஸ் பால் வகையில் நீளம் ஏறத்தாழ 628 மில்லிமீட்டர். எல்லா அளவையும் நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

சயா (ஆசிரியரே), அந்தக் கீச்சென்ற சத்தம் பெடலிலிருந்து வருகிறதா, விரலிலிருந்து வருகிறதா?

தந்தியிலிருந்து வருகிறது. மீட்டிய தந்தி முழு நீளமாக அசையும்போதே இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் சேர்ந்தே அசைகிறது. முழு நீள அசைவை நாம் சுரம் என்று கேட்கிறோம். மற்றவை அதன்மேல் மெல்லப் படிந்து ஒலிக்கு நிறம் கொடுக்கின்றன. அவற்றைத்தான் ஹார்மானிக்ஸ் என்கிறோம்.

பங்கு பிரிந்து அசையும்போது, பங்குக்கும் பங்குக்கும் நடுவில் அசையாத புள்ளி ஒன்று இருக்கும். அதற்குக் கணு என்று பெயர். கரும்பில் இருக்கும் கணுவை நினைத்துக்கொண்டால் போதும். அந்தப் புள்ளியில் கட்டைவிரல் பட்டால், அங்கே அசைந்துகொண்டிருந்த ஒலிகள் அடங்கிவிடும். அங்கே கணு உள்ள ஒலி மட்டும் தப்பித்து மேலே வரும். நீங்கள் கேட்கும் கீச்சொலி முன்பே தந்திக்குள் இருந்தது. அதை மூடியிருந்தவற்றை விரல் விலக்கியது. பெடலின் வேலை அதைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே.

12ஆம் ஃப்ரெட்டில் சும்மா தொட்டாலே மணி மாதிரி கேட்கிறதே. அதுவும் இதுவும் ஒன்றா? 'செயற்கை' என்று ஏன் சொல்கிறார்கள்?

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். திறந்த தந்தியை 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) நேர் மேலே தொட்டால் பாதியில் தொடுகிறீர்கள். 7ஆம் ஃப்ரெட் மூன்றில் ஒரு பங்கு, 5ஆம் ஃப்ரெட் நான்கில் ஒரு பங்கு. தந்தி தன் முழு நீளத்தில் இருப்பதால் இவை இயற்கை ஹார்மானிக்ஸ். இடது கையால் ஒரு ஃப்ரெட்டை அழுத்தித் தந்தியைக் குறுக்கிய பிறகு, அந்தக் குறுகிய நீளத்தில் கணுவைத் தேடித் தொட்டால் செயற்கை ஹார்மானிக்ஸ்.

வயலின் வாசிப்பவர்களுக்கு இது நெடுநாள் பழக்கம். ஒரு விரலால் சட்ஜத்தை அழுத்தி, சுத்த மத்திமம் விழும் இடத்தை நான்காம் விரலால் லேசாகத் தொட்டால், இரண்டு ஸ்தாயி மேலே சட்ஜம் பேசும். கிட்டாரில் இதைச் செய்யப் பல வழிகள் உண்டு. பிள்ளைகள் கேட்டு வருவது பெரும்பாலும் ஒரு வழியைத்தான்: பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்த கையின் கட்டைவிரலே தந்தியையும் உரசுவது. இதற்கு பிஞ்ச் ஹார்மானிக் என்று பெயர். 1960களிலேயே இதைக் கையாண்டவர் ராய் புக்கானன். பின்னால் பில்லி கிப்பன்ஸ், ஸாக் வைல்ட் போன்றவர்கள் இதைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இனி வரும் பதில்களில் வேறாகச் சொல்லாத வரை இந்த வகையையே குறிப்பிடுகிறேன்.

பிக்கை எப்படிப் பிடிப்பது? எவ்வளவு வெளியே தெரிய வேண்டும்?

இரண்டு மூன்று மில்லிமீட்டர் முனை மட்டும் தெரியும்படி உள்ளிழுத்துப் பிடியுங்கள். மெல்லிய பிக் வளைந்துகொடுத்து நேரத்தைக் கெடுக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் நல்லது. முதல் நாள் இப்படிப் பிடிப்பது கையை முடக்கியது போல இருக்கும். இருக்கட்டும்.

இப்போது கீழ்நோக்கி மீட்டுங்கள். பிக் தந்தியைக் கடந்த அதே நொடியில், கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதை தந்தியை உரசிக்கொண்டு கடக்க வேண்டும். மணிக்கட்டைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பினால் அந்தச் சதை தானாகத் தந்தியைச் சந்திக்கும். சிலருக்குச் சதை, சிலருக்கு நகத்தின் ஓரம். இரண்டும் சரி, நகம் பட்டால் ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும்.

நான் செய்தால் 'டக்' என்று செத்த சத்தம்தான் வருகிறது. என் கட்டைவிரல் தடிமனாக இருப்பதாலா?

விரல் தடிமனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. விரல் தந்தியின்மேல் தங்கிவிடுகிறது. மீட்டுவது ஒரு வேலை, தொடுவது இன்னொரு வேலை என்று மனம் பிரித்து வைத்திருப்பதால், மீட்டிவிட்டு விரலைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். தங்கிய விரல் கணுவிலும் சேர்த்து எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

சூடான தோசைக்கல்லை விரலால் தொட்டுப் பார்க்கும் வேகத்தை நினைவில் வையுங்கள். தொட்டதும் விலக வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இன்னொரு பயிற்சி உதவியிருக்கிறது: தந்தியை மீட்டுவதாக நினைக்காமல், தந்தியைத் தாண்டி அடுத்த தந்தியின் மேல் கை போய் நிற்கும்படி ஒரே வீச்சாகக் கீழே தள்ளுவது. பிக்கும் விரலும் ஒரே வீச்சில் கடந்துபோனால், தங்க நேரமே இருக்காது.

நேற்று பத்துக்கு எட்டு முறை வந்தது. இன்று ஒன்றுகூட வரவில்லை. கைப்பழக்கம் ஒரே இரவில் போய்விடுமா?

போகாது. நேற்று உங்கள் கை தற்செயலாகச் சரியான இடத்தில் இருந்தது. இன்று உட்கார்ந்த விதம் மாறி, கை ஒரு விரற்கடை தள்ளியிருக்கிறது. அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் நம்பிக்கை இழந்து டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) கூட்டத் தொடங்குகிறார்கள், அல்லது விரலை அழுத்தத் தொடங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். அடுத்த பதிலை நிதானமாகப் படியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

ஐந்தாம் ஃப்ரெட்டில் வந்த இடத்திலேயே ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தொடுகிறேன், வரவில்லை. சரியான இடம் எது?

கணு என்பது தந்தியின் பங்கு. இடது கை நகர்ந்தால் தந்தியின் நீளம் மாறுகிறது, பங்கும் மாறுகிறது, ஆகவே கணுவும் நகர்கிறது. வலது கைக்கு நிலையான இடம் என்று ஒன்று கிடையாது.

ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால், அங்கிருந்து பிரிட்ஜ் (உடலின்மேல் தந்திகள் தாங்கி நிற்கும் பாலம்) வரை உள்ள நீளம் ஏறத்தாழ 485 மில்லிமீட்டர். பிரிட்ஜிலிருந்து அளந்தால் நான்கில் ஒரு பங்கு 121 மில்லிமீட்டரில் விழும். ஐந்தில் ஒரு பங்கு 97, ஆறில் ஒரு பங்கு 81, ஏழில் ஒரு பங்கு 69. இப்போது ஏழாம் ஃப்ரெட்டுக்குப் போங்கள். நீளம் 432 ஆகச் சுருங்குகிறது. நான்கில் ஒரு பங்கு 108, ஐந்தில் ஒரு பங்கு 86, ஆறில் ஒரு பங்கு 72. முன்பு 97இல் அழகாகப் பேசிய விரல், இப்போது 108க்கும் 86க்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. அதனால்தான் ஊமையாகிவிட்டது. பதினொரு மில்லிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் மறுபடியும் பேசும்.

12ஆம் ஃப்ரெட்டில் நீளம் 324 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு 65, ஆறில் ஒரு பங்கு 54. கணுக்கள் நெருங்கிவிட்டன, பிழைக்கு இடம் குறைந்துவிட்டது. மேல் ஃப்ரெட்டுகளில் இது கடினம் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

என் வீட்டில் நாங்கள் செய்வது: காகித ஒட்டுநாடா ஒரு துண்டைத் தந்திகளுக்குக் கீழே, பிக்கப்களுக்கு (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தக் கட்டைகளுக்கு) நடுவில் உடலின்மேல் ஒட்டி, ஐந்தாம் ஃப்ரெட்டுக்கான கணுக்களைப் பென்சிலால் கோடு போடுவோம். மூன்றாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தியபடி, பிரிட்ஜை நோக்கி இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் கையை நகர்த்திக்கொண்டே மீட்ட வேண்டும். ஒலி வரும், மங்கும், வேறு சுரமாக மீண்டும் வரும். இரண்டு வாரம் கழித்து நாடாவைப் பிய்த்துவிடுவோம். அதற்குள் காது இடத்தைப் படித்திருக்கும்.

எந்தச் சுரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? எனக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று வருகிறது.

முடியும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அழுத்திய சுரத்தைச் சட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தொட்டால் மேல் சட்ஜம். மூன்றில் ஒரு பங்கில் அதற்கு மேலே பஞ்சமம். நான்கில் ஒரு பங்கில் இரண்டு ஸ்தாயி மேலே சட்ஜம். ஐந்தில் ஒரு பங்கில் அதற்கு மேலே அந்தர காந்தாரம். ஆறில் பஞ்சமம், ஏழில் கைசிகி நிஷாதத்தை ஒட்டிய ஒரு சுரம், எட்டில் மூன்று ஸ்தாயி மேலே சட்ஜம்.

வீட்டில் தம்பூரா இருந்தவர்கள் இதில் பழைய நண்பர் ஒருவரைச் சந்திப்பார்கள். தம்பூராவின் தடித்த தந்தியைச் சுருதி சேர்த்து மீட்டினால், யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் மேலே மிதக்கும். சுயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பிஞ்ச் ஹார்மானிக்கில் ஐந்தாம் பங்கில் கத்துகிற சுரம் அதேதான். மூன்றாம் தந்தி, ஐந்தாம் ஃப்ரெட்டின் அதிர்வெண் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கு 1,308 ஹெர்ட்ஸ். காதைத் துளைக்கும் உயரம் என்றாலும் ஊருக்கே தெரிந்த சுரம்.

கீபோர்டோடு சேர்த்து வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயற்கையான இந்தக் காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு இறக்கமாக இருக்கும். ஏழாம் பங்கின் நிஷாதம் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறக்கம். நீண்டு நிற்கும் கார்டின்மேல் ஏழாம் பங்கைப் பிடித்து வைத்தால் அபசுரம் போலக் கேட்கும். அங்கே நான்கையோ ஆறையோ தேர்ந்தெடுங்கள்.

எந்தத் தந்தியில் தொடங்குவது?

மூன்றாம் தந்தி. கைக்கு நடுவில் இருக்கிறது, இழுக்கவும் எளிது. பிறகு நான்கு, ஐந்து. முதல் தந்தியைக் கடைசிக்கு வையுங்கள்.

டிஸ்டார்ஷனை எவ்வளவு வைக்க வேண்டும்? எந்த பிக்கப்?

பிரிட்ஜ் பிக்கப். பிரிட்ஜுக்கு அருகில் மேல் ஹார்மானிக்ஸ் எல்லாவற்றுக்கும் அசைவு இருக்கிறது, அடிப்படைச் சுரத்துக்கு அசைவு குறைவு. ஆகவே நமக்கு வேண்டியதை அது நன்றாகப் பிடிக்கும். டோன் குமிழை முழுதாகத் திறந்துவிடுங்கள்.

டிஸ்டார்ஷன் மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது, அதனால் ஹார்மானிக் நீண்டு நிற்கிறது. பழகும்போது பாதி அளவுக்கு மேல் வைக்காதீர்கள். முழுதாக வைத்தால் தவறான தொடுதலும் ஏதோ ஒரு சத்தம் போட்டு உங்களை ஏமாற்றும். டிஸ்டார்ஷனே இல்லாமல் மெலிதாகவேனும் வரவழைக்கத் தெரிந்தவருக்கு மேடையில் ஒருபோதும் தவறாது. இன்னொன்று: ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்கியவர்கள், அது 100 வோல்ட்டில் ஓடுவதா என்று பின்பக்கம் பார்த்துவிட்டுச் செருகுங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால் ஆம்ப் கருகிவிடும்.

கரண்ட் வரும் நேரத்தில் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும். கிட்டாருக்கு நேரம் எங்கே? கரண்ட் இல்லாமல் பழக முடியுமா?

முடியும். நான் இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. என்னிடம் படித்தவர்களில் மிகத் துல்லியமாக இதைச் செய்கிற இருவரும் இருட்டில் பழகியவர்கள்.

கிட்டாரின் தலைப்பகுதியை மர அலமாரிக் கதவிலோ மேசை விளிம்பிலோ சாய்த்து வைத்து மீட்டிப் பாருங்கள். அலமாரி முழுவதும் கிட்டாரின் வயிறாக மாறிவிடும். ஹார்மானிக் மெல்லியதாகத்தான் கேட்கும், ஆனால் தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்கக் காது கூர்மையாக வேண்டியிருக்கிறது; கைக்கும் அந்தக் கூர்மை வந்துவிடுகிறது. டிஸ்டார்ஷன் பூசி மறைக்காததால், சரியான தொடுதலுக்கும் சுமாரான தொடுதலுக்கும் உள்ள வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். ஏழாவது கேள்வியில் சொன்ன சுரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. அக்கம்பக்கத்தவருக்கும் தொந்தரவு கிடையாது. நம் தெருக்களில் எதிர் பால்கனியில் பேசுவது நம் வீட்டுக்குள் கேட்கிறதே, கீச்சொலி எவ்வளவு தூரம் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆம்ப் ஒலியிலும் கேட்க வேண்டுமென்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று போதும். வீட்டு இன்வெர்ட்டரில் பெரிய ஆம்பை ஓட்டினால் பலவற்றில் இரைச்சல் சேர்ந்து வரும். ஹார்மானிக்கைத் தேடும் காதுக்கு அது பெரிய இடையூறு.

மழைக்காலத்தில் மட்டும் எனக்கு ஹார்மானிக் வருவதில்லை. வெயில் காலத்தில் நன்றாக வந்தது. இது என் பிரமையா?

பிரமை இல்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நம் ஊர்க் காற்றே ஈரம். தந்தியில் துரு ஏறுகிறது. சுருள் சுற்றிய தடித் தந்திகளில் வியர்வையும் அழுக்கும் சுருளுக்குள் அடைகின்றன. இப்படி ஆன தந்தி முதலில் இழப்பது மேல் ஹார்மானிக்ஸைத்தான். அடிப்படைச் சுரம் ஒழுங்காக இருப்பதால் தந்தி நன்றாக இருப்பதாகவே தோன்றும். பிள்ளை மூன்று வாரம் தன் கையைத் திட்டிக்கொண்டிருப்பான். புதுத் தந்தி போட்ட அன்று மாலையே வந்துவிடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் உறைக்குள் வையுங்கள். எல்லாத் தந்தியையும் மாற்றப் பணம் இல்லையென்றால் மூன்றாம் நான்காம் தந்திகளை மட்டுமாவது மாற்றுங்கள். 9 முதல் 42 வரையிலான அல்லது 10 முதல் 46 வரையிலான தடிமன் கொண்ட கட்டு எதுவானாலும் சரி. பழையதைவிடப் புதியது மேல்.

வியர்வையில் பிக் வழுக்குகிறது. தனக்கா பூசிக்கொள்ளலாமா?

ஒரு மாணவி இப்படித்தான் செய்தாள். தனக்கா (மரப்பட்டையை அரைத்த சாந்து) உலர்ந்ததும் விரலுக்கு நல்ல பிடி கொடுத்தது. ஆனால் அந்தத் தூள் தந்திச் சுருளுக்குள் இறங்கி, முந்தின பதிலில் சொன்ன கேட்டைத் தானே செய்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொள்வதே மேல். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பிக்கும் உதவும். தண்ணீர்த் திருவிழா மேடையில் வாசிக்கிறவர்கள் மாற்று பிக் நான்கைந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, என் மகளுக்குப் பதினொரு வயது. சின்னக் கை. இதெல்லாம் அவளுக்கு ஆகுமா?

ஆகும், அக்கா. இதில் நீண்ட விரலுக்கும் பலத்துக்கும் வேலையில்லை. சிறிய கட்டைவிரல் தந்தியில் குறைந்த இடத்தையே தொடுவதால் ஒலி இன்னும் சுத்தமாகப் பிறக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கட்டைவிரல் ஓரம் கன்றிவிடும். கன்றினால் இரண்டு நாள் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இடது கை சும்மா அழுத்தினால் போதுமா?

போதாது. ஹார்மானிக் பிறந்தவுடன் இடது கையால் தந்தியை அசைத்தால்தான் அது உயிரோடு நீள்கிறது. அகலமாக, நிதானமாக அசையுங்கள். நம் காதுக்குக் கமகம் பழக்கமானது. அந்த அசைவையே இங்கே கொண்டுவாருங்கள். அதே நேரத்தில் இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மெல்லிய தந்திகள்மேல் லேசாகப் படிந்து, வலது உள்ளங்கை ஓரம் தடித்த தந்திகள்மேல் படிந்து, மற்றவற்றை அமைதியாக வைத்திருக்க வேண்டும்.

மேல்நோக்கி மீட்டும்போது செய்ய முடியுமா?

முடியும், அப்போது ஆள்காட்டி விரலின் நுனி தந்தியை உரச வேண்டும். கடினமானது. கீழ்நோக்கிய மீட்டலில் கை உறுதியான பிறகு பாருங்கள்.

வலது கை விரலை ஃப்ரெட்டுகளின் மேலேயே வைத்துச் செய்கிறார்களே, அது என்ன?

அது வேறு வகை. அழுத்திய ஃப்ரெட்டிலிருந்து சரியாக 12 ஃப்ரெட் மேலே, வலது ஆள்காட்டி விரலால் தந்தியைத் தொட்டுக்கொண்டே, அதே கையின் கட்டைவிரலாலோ மோதிர விரலாலோ மீட்டுவது. மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் 15இல் தொட வேண்டும், ஐந்தை அழுத்தினால் 17இல். யாழ் போன்ற ஒலி வரும், அதனால் இதை யாழ் வகை என்கிறேன். செட் ஆட்கின்ஸும் லென்னி ப்ரோவும் இதை மழைச்சாரல் போல வாசித்தவர்கள். கார்டு பிடித்தபடி செய்யும்போது, இடது கை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தை வலது விரல் 12 ஃப்ரெட் மேலே நடந்து காட்ட வேண்டும்.

தொடுவதற்குப் பதிலாக அதே இடத்தில் ஃப்ரெட் கம்பியின் நேர் மேலே சட்டென்று தட்டினால் தட்டு ஹார்மானிக்; எடி வான் ஹேலன் இதைப் பரவலாக்கினார். இவ்விரண்டிலும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால், பிஞ்ச் வராமல் சோர்ந்தவர்களை நான் முதலில் இங்கே அனுப்புகிறேன். கணு என்றால் என்ன என்பது விரலுக்குப் புரிந்துவிடும். பிறகு பிஞ்ச் எளிதாகும்.

தேவாலயத்தில் என்னிடம் அக்கூஸ்டிக் கிட்டார்தான் இருக்கிறது. அதில் வருமா? பேஸில்?

அக்கூஸ்டிக்கில் பிஞ்ச் வரும், உடனே மறைந்துவிடும். அதற்கு யாழ் வகையே பொருத்தம். பாடல் தொடங்கும் முன் நான்கு சுரம் வாசித்தால் கூட்டம் அமைதியாகிவிடும். பேஸ் கிட்டாரில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் கட்டைவிரலால் தொட்டு மற்ற விரலால் மீட்டி அருமையாகச் செய்திருக்கிறார். தந்தி நீளமானதால் கணுக்கள் விலகியிருக்கும், இடம் கண்டுபிடிப்பது எளிது.

ஆம்ப் அருகில் நின்றால் தானாக ஊளையிடுகிறது. அதுவும் ஹார்மானிக்தானே?

ஹார்மானிக் சுரத்தில் அது நிற்கலாம், ஆனால் பிறந்த வழி வேறு. ஆம்பின் ஒலி தந்தியை மறுபடி அசைத்து, அந்த அசைவு மறுபடி ஆம்புக்குப் போய்ச் சுழல்கிறது. தள்ளிப்போய் நின்றால் அடங்கும். சோதிக்க ஒரு வழி: இடது கையை நகர்த்தாமல் அப்படியே நின்று கேளுங்கள். ஒலி மெல்லத் தேய்ந்தால் அது உங்கள் கட்டைவிரலின் வேலை.

தாளில் வைர வடிவக் குறி போட்டிருக்கிறது. சில இடத்தில் 'ஏ.எச்.', சில இடத்தில் 'பி.எச்.' என்று இருக்கிறது. எதை வாசிப்பது?

வைர வடிவம் என்றால் ஹார்மானிக். 'பி.எச்.' என்றால் பிஞ்ச். 'ஏ.எச்.' என்றால் செயற்கை. எழுதியவர் யாழ் வகையைச் சொல்கிறாரா, பிஞ்சைச் சொல்கிறாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்தில் இன்னொரு ஃப்ரெட் எண் இருந்தால் யாழ் வகை. எண் இல்லாமல் நெளிகோடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிஞ்ச்.

நெக் பிக்கப்புக்கு மாற்றினால் சில ஹார்மானிக் மட்டும் காணாமல் போகிறது. கை சரியாகத்தான் இருக்கிறது. ஏன்?

கை சரியாக இருப்பதால்தான் காணாமல் போகிறது. பிக்கப் தனக்கு நேர் மேலே உள்ள அசைவை மட்டுமே உணரும். ஸ்ட்ராடோகாஸ்டரின் நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் உள்ளது) பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 162 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் நீளம் 485. அதில் மூன்றில் ஒரு பங்கு அதே 162. ஆக, மூன்றாம் ஹார்மானிக்கின் கணு பிக்கப்பின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஆறாம் ஹார்மானிக்குக்கும் அங்கே ஒரு கணு உண்டு. தந்தி அசைந்துகொண்டுதான் இருக்கும், பிக்கப்புக்குத் தெரியாது. நான்கையும் ஐந்தையும் அதே பிக்கப் நன்றாகவே பிடிக்கும். அலமாரியில் சாய்த்துக் கேட்டால் எல்லாமே கேட்கும்.

கடைசியாக ஒன்று, சயா. தந்தியை இழுத்து வளைத்தபடி ஹார்மானிக் எழுப்பினால் கணு நகருமா? இழுக்கும்போது என் இடம் தப்பிவிடுகிறது.

கணு நகராது. தந்தியை வளைக்கும்போது ஏறுவது இழுவிசை. நீளம் மாறுவது மிகச் சொற்பம். பங்குகள் அதே இடத்தில் இருக்கின்றன, எல்லா ஹார்மானிக்கும் சேர்ந்து மேலே போகின்றன. ட்ரெமோலோ கம்பியை (பிரிட்ஜை அசைத்துத் தந்திகளைத் தளர்த்தும் கம்பியை) அழுத்தி இறக்கும்போதும் அப்படியே, எல்லாம் சேர்ந்து கீழே வரும்.

உங்கள் இடம் தப்புவதற்குக் காரணம் வேறு. மூன்றாம் தந்தியை மேலே தள்ளும்போது வலது பக்கத்திலும் அது சற்று மேலே நகர்கிறது. கை பழைய உயரத்திலேயே மீட்டுவதால் கட்டைவிரல் தந்தியைத் தவறவிடுகிறது. முதலில் நேராக மீட்டி ஹார்மானிக்கை எழுப்பிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இழுங்கள். ஏழாம் ஃப்ரெட், மூன்றாம் தந்தி, 86 மில்லிமீட்டர். காந்தாரம் மெல்ல மத்திமத்துக்கு ஏறுவது கேட்கும் வரை இழுத்து, அங்கேயே நிறுத்தி அசையுங்கள். அது கைவந்த பிறகு, முதலில் இழுத்துவிட்டு மீட்டிப் பாருங்கள். வலது கையை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்திக்கொள்ள மறக்காதீர்கள்.